வானம் அனுப்பும் மடல்

ஷஅபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலை. மஃரிப் நேரத்தை ஒட்டி எங்கள் தெருவின் மொட்டை மாடிகள் எல்லாம் ஆட்களால் நிறைந்திருந்தன. மேற்கு வானில் நூலிழை போலப் பிறை தென்பட்டதும் எழும் மகிழ்ச்சி ஆரவாரத்தை நீங்களும் ஆண்டுதோறும் கேட்டிருப்பீர்கள். பெரியவர்கள் துஆ ஓதினர். பிள்ளைகள் செய்தி சொல்லக் கீழே ஓடினர். என் மகள் வயிற்றுப் பேத்தி மட்டும் ஓடவில்லை. பத்து வயதுச் சிறுமி அவள். பிறைக்கு வெகு மேலே மின்னிய ஒரு விண்மீனைச் சுட்டிக்காட்டி, "நன்னா, அந்த நட்சத்திரத்துக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் ஹைட்ரஜன் என்கிற வாயுதான் இருக்கும்மா" என்றேன், எப்போதோ படித்ததை நினைவில் கொண்டு.

பக்கத்து மாடியில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "யாரு போய்ப் பாத்துட்டு வந்தா? எழுதுறவங்க எதையும் எழுதலாமே!" என்றார். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா நன்னா, போகாமலேயே எப்படித் தெரியும்?"

அந்த நொடியில் எனக்கு விடை வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிருக்காங்க" என்று மட்டும் முணுமுணுத்தேன். அது விடை ஆகாது. பெரியவரின் கேள்வி நியாயமானது; குழந்தையின் கேள்வி அதனினும் நியாயமானது. எவரோ சொன்னார் என்பதைவிட, எவ்வாறு கண்டறிந்தார் என்பதே அறிவுக்கு வேண்டப்படும் சான்று. அன்றிரவு தராவீஹ் தொழுகைக்குப் பின் பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை இம்மாதம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கண் வாங்குகிறதா, வீசுகிறதா?

விண்மீனுக்கு எவரும் சென்றதில்லை. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனிலிருந்து ஒளி வந்து சேரவே நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைந்து செல்வது. ஆகவே நாம் அங்கே செல்ல இயலாது. ஆயின் அங்கிருந்து ஒன்று இடையறாது இங்கே வந்துகொண்டிருக்கிறது. அதுவே ஒளி.

இந்த எளிய உண்மையையே மனிதன் நெடுங்காலம் தலைகீழாகக் கருதியிருந்தான். கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் நம் கண்ணிலிருந்து ஒருவகைக் கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே நாம் காண்கிறோம் என எழுதினர். கண் ஒரு விளக்கு எனக் கொண்டனர். இக்கருத்தை அடியோடு பெயர்த்தவர் கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம் ஆவார். ஐரோப்பியர் அவரை அல்ஹாசன் என்று அழைத்தனர். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

அவர் எடுத்துரைத்த சான்றுகளுள் ஒன்றைக் கேளுங்கள். கடும் ஒளியை உற்று நோக்கினால் கண் நோகிறது. நோக்குதல் என்பது கண்ணிலிருந்து ஏதோ வெளியே செல்வதாயின், கண் ஏன் நோக வேண்டும்? வெளியிலிருந்து ஒன்று வந்து தாக்குவதால் அன்றோ நோவு உண்டாகிறது! ஆகவே கண் வாங்குகிறது, வீசவில்லை.

மற்றொரு சோதனையும் அவர் செய்தார். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளை. வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் ஏற்றி வைத்தார். அத்தனை விளக்குகளின் ஒளியும் அந்த ஒரே துளை வழியாக நுழைந்து, உள்ளே எதிர்ச் சுவரில் தனித்தனிப் பொட்டுகளாக விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒரே துளையில் குறுக்கிட்டுச் சென்றும் கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து கெடவில்லை.

வானவியலுக்கு இது எத்துணைப் பெரிய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள். கோடானுகோடி விண்மீன்களின் ஒளி வெளியெங்கும் குறுக்கும் நெடுக்கும் பாய்கிறது. ஆயினும் ஒவ்வொன்றும் தன் செய்தியைத் தானே சுமந்து நம் கண்ணை அடைகிறது. ஒருவருக்கு வந்த மடல் இன்னொருவர் மடலோடு கலந்துவிடுவதில்லை. அதனைப் படிக்கக் கற்றுக்கொள்வதே நம் வேலை.

ஒரு சின்னஞ்சிறு மேகம்

இப்னுல் ஹைதம் பிறந்த காலத்தை ஒட்டி, பாரசீகத்தில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானவியலாளர் வாழ்ந்தார். கி.பி. 903இல் பிறந்தவர். ஹிஜ்ரி 353, அதாவது கி.பி. 964 அளவில் 'நிலையான விண்மீன்களின் நூல்' என்ற தம் படைப்பை முடித்தார். விண்மீன் கூட்டங்கள் ஒவ்வொன்றையும் படமாக வரைந்து, ஒவ்வொரு விண்மீனின் ஒளி அளவையும் தம் கண்ணாலேயே மதிப்பிட்டுக் குறித்தார். ஆண்ட்ரமீடா என்னும் கூட்டத்தை வரையும்போது, அங்கே ஒரு சிறு மேகம் போன்ற பொட்டு இருப்பதையும் விடாமல் குறித்து வைத்தார்.

அது என்ன என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக அவர் எழுதவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள பதிவுகளுள் அச்சிறு மேகத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு அதுவே. தொலைநோக்கி வானை நோக்கித் திரும்புவதற்கு 640 ஆண்டுகளுக்கு முந்தியது அது. இந்தச் சிறு மேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மும்முறை மீண்டும் வரும்.

அண்டாவும் டம்ளரும்

1609இல் இத்தாலியின் கலிலியோ தொலைநோக்கியை வானின் பக்கம் திருப்பினார். பால்வீதி என்னும் வெண்பட்டை எண்ணற்ற விண்மீன்களின் தொகுதி என்று கண்டார். 1668இல் நியூட்டன், வில்லைக்குப் பதிலாகக் குழியாடியைக் கொண்டு தொலைநோக்கி அமைத்தார். இன்றைய பெருந்தொலைநோக்கிகள் யாவும் குழியாடி வகையைச் சேர்ந்தவையே.

தொலைநோக்கி தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றே பலரும் எண்ணுகிறோம். அதைவிட முதன்மையான அதன் பணி ஒளியைச் சேகரிப்பது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். எதில் நீர் மிகுதியாகச் சேரும்? விண்மீன் ஒளியும் மழை போன்றதே. இருளில் நன்கு விரிந்த நம் கண்மணியின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986 முதல் இயங்கிவரும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது. அது நம் கண்ணைவிட ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்த்துத் தருகிறது. நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட தொலைநோக்கி அது. அதற்குத் தம் பெயர் சூட்டப்பெற்ற வைணு பாப்புவின் தந்தையார் பணியாற்றியது ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் என்பதும், அவ்வாய்வகத்தை 1901இல் தொடங்கியவர் நவாப் ஸஃபர் ஜங் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கவை.

ஆயினும், எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் விண்மீன் பெரும்பாலும் ஒரு புள்ளியாகவே தெரியும். புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புள்ளியே எவ்வாறு சொல்லும்?

உடைத்துப் படித்த ஒளி

வானவில்லை விளக்க முற்பட்ட கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கண்ணாடி உருண்டையில் நீரை நிரப்பி, அதனை ஒரு மழைத்துளியாகக் கொண்டு சோதனை நடத்தினார். ஒளி துளிக்குள் நுழையும்போது வளைந்து, உள்ளே எதிரொளித்து, மீண்டும் வளைந்து வெளிவருவதாலேயே வானவில் உண்டாகிறது என்று காட்டினார். இப்னுல் ஹைதமின் நூலுக்கு விளக்கவுரை எழுதியவரும் இவரே. பின்னர் நியூட்டன் முப்பட்டைக் கண்ணாடி வழியே சூரிய ஒளியைச் செலுத்தி, வெள்ளை ஒளி பல நிறங்களின் கலவை என நிறுவினார். இவ்வாறு விரியும் நிற வரிசைக்கு நிறமாலை என்று பெயர்.

1814இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் இந்த நிறமாலையை நுணுகி ஆராய்ந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, கண்ணாடிப் பட்டறையில் வேலை பயின்றவர் அவர். 1801இல் அவர் தங்கியிருந்த வீடு இடிந்து விழுந்தபோது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். அவர் கையால் செய்த முப்பட்டகம் மிகத் தூய்மையானது. அதன் வழியே பார்த்தபோது, சூரியனின் நிறமாலையில் ஆங்காங்கே மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தன. அத்தகைய 570 கோடுகளுக்கு மேல் அவர் குறித்தார். ஸிரியஸ் விண்மீனின் ஒளியில் கோடுகள் வேறு வகையாக அமைந்திருந்ததையும் கண்டார். அவை ஏன் உள்ளன என்று அறியாமலேயே 1826இல், தம் 39ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1835இல் பிரெஞ்சு தத்துவ அறிஞர் அகஸ்ட் கோம்ட், விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று எழுதினார். போய்ப் பார்க்க முடியாதே என்பதுதான் அவர் வாதமும். எங்கள் பக்கத்து மாடிப் பெரியவர் தனித்து நிற்கவில்லை, பார்த்தீர்களா!

அடுப்படியில் ஒரு சோதனை

அன்புச் சகோதரிகளே! உங்கள் அடுப்படியிலேயே இதற்கு விடை இருக்கிறது. எரிவாயு அடுப்பில் குழம்பு பொங்கி வழியும்போது, நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பிலுள்ள உப்பே அதற்கு முதன்மையான காரணம். உப்பில் சோடியம் என்னும் தனிமம் உள்ளது. சோடியம் சூடேறினால் அந்த மஞ்சளையே வெளியிடும். வேறு நிறத்தை அத்துணை வலுவாக வெளியிடாது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இவ்வாறு தனக்கே உரிய நிறக்கோடுகள் உண்டு. பெருவிரல் ரேகை ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றவருக்கு இருப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

1859இல் ஹைடல்பெர்க் நகரில் கிர்க்காஃப், புன்சன் என்னும் இரு அறிஞர்கள் இதனை உறுதி செய்தனர். ஒரு தனிமம் சூடேறிச் சுடரும்போது எந்த நிறத்தை வெளியிடுகிறதோ, அதே நிறத்தைத் தன்னை ஊடுருவிச் செல்லும் வெப்பமான ஒளியிலிருந்து விழுங்கவும் செய்கிறது. ஃப்ரான்ஹோஃபர் கண்ட கருங்கோடுகள், சூரியனின் வெளிப்புற வாயுக்கள் விழுங்கிய நிறங்களின் வெற்றிடங்களே ஆகும். அடுப்பில் மஞ்சளாய் ஒளிரும் சோடியத்தின் இடத்திலேயே சூரிய நிறமாலையில் இரு கருங்கோடுகள் உள்ளன. ஆகவே சூரியனில் சோடியம் உண்டு. கோம்ட்டின் கூற்று 24 ஆண்டுகளிலேயே பொய்த்துப் போனது.

இந்த வழி எத்துணை நம்பத் தக்கது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் தென்னிந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நிறமாலைக் கருவி கொண்டு நோக்கினர். சூரியனின் விளிம்பில் எழுந்த சுவாலைகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது சோடியத்தின் இடத்தில் இல்லை. அவ்வாண்டே இங்கிலாந்தில் லாக்யர் என்பவரும் அக்கோட்டைக் கண்டு, பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்குரியது அது என்ற முடிவுக்கு வந்தார். கிரேக்க மொழியில் சூரியனுக்குரிய சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. ஐயுற்றவர் பலர். 1895இல் ராம்சே என்னும் வேதியியலாளர், பூமியில் கிடைத்த ஒரு கனிமத்திலிருந்து அதே கோட்டைக் காட்டும் வாயுவைப் பிரித்தெடுத்தார். சூரியனில் கண்டு 27 ஆண்டுகள் கழித்தே ஹீலியம் பூமியில் கைக்கு வந்தது! போகாமலேயே கண்ட ஒன்றைப் பின்னர் கையில் பிடித்துச் சரிபார்த்துவிட்டார்கள். இதைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பு

என் பேத்திக்கு நான் சொன்ன 'ஹைட்ரஜன்' என்ற விடைக்குச் சொந்தக்காரர் ஒரு பெண். சிசிலியா பெய்ன், 1900இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், ஆயினும் பெண் என்பதால் பட்டம் வழங்கப்படவில்லை. அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே 1923இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்தார்.

விண்மீன்களின் நிறமாலைப் படங்கள் அங்கே ஏராளமாக இருந்தன. நம் நாட்டின் மேகநாத சாஹா 1920இல் வகுத்த சமன்பாடு, வெப்பநிலையைப் பொறுத்து கோடுகள் எவ்வாறு வலுக்கும், மெலியும் என்பதைக் கணக்கிட வழி தந்தது. சிசிலியா அச்சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டார். விண்மீன்களில் பிற தனிமங்கள் எல்லாவற்றையும்விட ஹைட்ரஜனே மிகப் பேரளவில் உள்ளது என்று விடை வந்தது. பூமியும் சூரியனும் ஏறக்குறைய ஒரே கலவையால் ஆனவை என்பது அன்றைய அறிஞர்களின் ஒருமித்த கருத்து. துறையின் தலைசிறந்த அறிஞரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இவ்விடை இருக்கவே முடியாதது என்று எழுதி அனுப்பினார். இருபத்தைந்து வயது இளம்பெண் என்ன செய்வார்? 1925இல் வந்த தம் ஆய்வேட்டில், அந்த விடை பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தாமே எழுதிச் சேர்த்தார்.

நான்கே ஆண்டுகளில், 1929இல் ரஸ்ஸலே வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். சிசிலியாவின் ஆய்வையும் எடுத்துக் கூறினார். இன்று நாம் அறிந்தபடி சூரியனின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பங்கு ஹீலியம். 1956இல் ஹார்வர்டு அவரைப் பேராசிரியராகவும் வானவியல் துறைத் தலைவராகவும் ஆக்கியது.

இப்னுல் ஹைதம், தாலமியின் நூல்களில் தாம் கண்ட ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். முன்னோர் எழுதியதை நற்பெயர் கருதி ஏற்காமல் ஆராய வேண்டும். ஆராயும்போது தன்னையும் ஐயுற வேண்டும் என்பது அதில் அவர் கொண்ட நெறி. ஒளி சொன்னதை ஒரு பெரிய பெயர் மறுத்தது; இறுதியில் ஒளி சொன்னதே நின்றது. அப்பெரிய பெயருக்குரியவர் தம் பிழையை ஒப்புக்கொண்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சிறு மேகம் மீண்டும் வருகிறது

நம்மை நோக்கி விரைந்து வரும் இரயிலின் ஊதல் உச்ச ஒலியாகவும், நம்மைக் கடந்ததும் தாழ்ந்த ஒலியாகவும் கேட்கும். ஒளியிலும் இவ்வாறே நிகழ்கிறது. 1842இல் டாப்ளர் இந்நெறியைக் கூறினார். ஒளிரும் பொருள் நம்மை நெருங்கினால் அதன் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகினால் சிவப்புப் பக்கம் நகரும். நகர்ந்த அளவிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். 1909இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இவ்வழியிலேயே கண்டார். அந்நிகழ்வு இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

1912இல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் ஸ்லைஃபர் என்பவர், அஸ்ஸூஃபி குறித்த அதே சிறு மேகத்தின் நிறமாலையைப் படம் பிடித்தார். மிக மங்கிய ஒளி ஆதலால் பல மணி நேரம் படத்தட்டில் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்தது. அம்மேகம் நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருவதாகக் கோடுகள் காட்டின. அதுவரை வானில் அளக்கப்பட்ட எதற்கும் அத்தகைய வேகம் இருந்ததில்லை. அப்படியாயின் அது நம் பால்வீதிக்குள் உள்ள மேகம்தானா? ஐயம் வலுத்தது.

தூரத்தை அளந்தால் ஐயம் தீரும். அதற்கு அளவுகோல் தந்தவர் ஹார்வர்டில் படத்தட்டுகளை ஆராய்ந்துவந்த ஹென்றியெட்டா லீவிட் என்னும் பெண்மணி. செஃபீட் என்னும் ஒருவகை விண்மீன்கள் ஒளி கூடியும் குறைந்தும் துடிப்பவை. துடிப்பின் கால அளவு நீளுமாயின் அவ்விண்மீனின் உண்மை ஒளியும் மிகுதி என்பதை 1912இல் அவர் நிறுவினார். ஒரு விளக்கு உண்மையில் எவ்வளவு ஒளி தருவது என்று தெரிந்தால், அது இங்கே எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா?

1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் மலையில், 100 அங்குலத் தொலைநோக்கி கொண்டு எட்வின் ஹபிள் அச்சிறு மேகத்தினுள் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டார். கணக்கிட்டால் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டுத் தூரம் வந்தது. அக்காலத்தில் மதிப்பிட்ட பால்வீதியின் எல்லையையும் கடந்தது அது. அஸ்ஸூஃபி கண்டது மேகமே அன்று. கோடானுகோடி விண்மீன்களைக் கொண்ட, நம் பால்வீதியைப் போன்றதோர் தனி விண்மீன் மண்டலம். ஆங்கிலத்தில் கேலக்ஸி என்பர். பிற்காலத்தில் அளவுகோல் திருத்தப்பட்டு, இன்று அதன் தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என அறிகிறோம். அஸ்ஸூஃபியின் கண்ணில் விழுந்த ஒளி, மனித இனம் இன்றைய வடிவில் தோன்றுவதற்கு வெகு முன்னரே புறப்பட்ட ஒளி!

மூன்றாம் முறையாகவும் அதே மேகம் வந்தது. 1970இல் வேரா ரூபின் என்னும் பெண்மணியும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரமீடா மண்டலத்தின் சுழற்சியை ஆராய்ந்து வெளியிட்டனர். நம் சூரிய மண்டலத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற, தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கிலோமீட்டரை ஒட்டியே சுற்றுகிறது. தொலைவு கூடக் கூட வேகம் குறைய வேண்டும். ஆண்ட்ரமீடாவின் வெளிப்புறத்திலோ வேகம் அவ்வாறு குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவ்வேகத்துக்குப் போதாது. ஒளி தராத ஏதோ ஒரு பொருள் அங்கே மிகுதியாக இருக்க வேண்டும் என்று அறிஞர் பெரும்பாலோர் முடிவு செய்தனர். அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அது எதனால் ஆனது என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஒளியற்ற ஒன்றைக் கூட ஒளியைக் கொண்டே உணர்ந்தார்கள் என்பது வியப்பன்றோ!

காணாத நிறங்கள்

நம் கண் காணும் நிறங்கள் ஒளியின் ஒரு சிறு பகுதியே. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், வெப்பம் ஏறியது. அகச்சிவப்பு ஒளி அவ்வாறு வெளிப்பட்டது. 2021 டிசம்பர் 25ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இந்த ஒளியையே காண்கிறது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், பொன் பூச்சிட்ட 18 அறுகோண ஆடிகளை இணைத்து அமைத்த 6.5 மீட்டர் அகல ஆடியுடன் அது இயங்குகிறது. மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி, பேரண்டம் விரிவதால் நீண்டு அகச்சிவப்பாகவே வந்து சேர்கிறது. ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு வயதுடைய பேரண்டத்தின் இளமைக் காலத்தை அந்த ஒளியில் காண்கின்றனர்.

அன்பார்ந்த வாசகர்களே! மறுநாள் மாலை நோன்பு திறந்தபின் பேத்தியை அடுப்படிக்கு அழைத்துச் சென்றேன். அவளுடைய அம்மா அடுப்பைப் பற்ற வைத்துக் கூடவே நின்றார். நீலச் சுடரில் நான் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினேன். சுடர் மஞ்சளாயிற்று. "இதே மஞ்சள் இருக்கவேண்டிய இடத்துலதான் சூரியனோட வெளிச்சத்துல கறுப்புக் கோடு இருக்கு" என்றேன். சற்று நேரம் சுடரையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப அந்தப் பெரியவர்கிட்டயும் இதச் சொல்லணும் நன்னா" என்றாள். சொன்னோம். அவர் தம் வீட்டு அடுப்பிலும் செய்து பார்த்துவிட்டு வந்து, "கிரகணத்துல பாத்தது பின்னாடி கைக்கே வந்துச்சுன்னு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்று திண்ணையில் அமர்ந்துகொண்டார்.

நவம்பர் இறுதியில் இஷாவுக்குப் பின், நகர வெளிச்சம் இல்லாத இடத்தில், நிலவில்லாத இரவில் உங்கள் பிள்ளைகளோடு வடக்கு வானைப் பாருங்கள். ஐந்து விண்மீன்கள் ஆங்கில எழுத்து 'எம்' போல் அமைந்த கூட்டம் ஒன்று தெரியும். அதற்கு மேலே, வானின் உயரத்தில், இருளுக்குக் கண் பழகிய பின் ஒரு மங்கிய பொட்டு புலப்படும். அஸ்ஸூஃபி குறித்து வைத்த சிறு மேகம் அதுவே. வெறுங்கண்ணால் நாம் எளிதில் காணக்கூடிய மிகத் தொலைவான பொருளும் அதுதான்.

காட்டும்போது ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உங்கள் மகளோ பேத்தியோ "எப்படித் தெரியும்?" என்று கேட்டால், என்னைப் போல் முணுமுணுத்து நழுவிவிடாதீர்கள். விடை தெரியாவிடில் 'தேடிப் பார்த்துச் சொல்கிறேன்' என்று கூறுங்கள், கூறியபடி தேடுங்கள். மேலும் படிக்க அவள் விரும்பினால் தடுக்காமல் அனுப்பி வையுங்கள். ஹென்றியெட்டா, சிசிலியா, வேரா ஆகிய மூவரும் ஒரு காலத்தில் கேள்வி கேட்ட சிறுமிகளே.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.